இடிக்காமல் நகரைத் திருத்த முயன்றவர்

மூன்று முகாம்கள் மாறிய எனக்கு, பட்ரிக் கெடிஸ் நகரத் திட்டமிடலாளர் என்பதைவிட ஏழைகளின் அயலவர் என்பதே பிடித்தது. 1854இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். மணமானபின் மனைவி அனாவுடன் எடின்பரோவின் நெரிசலான பழைய குடியிருப்பிலேயே குடியேறி, சுவர்களுக்கு வெள்ளையடித்தார்; வெறுநிலத்தில் தோட்டம் போட்டார்.

1914இல் அவரது நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மறுபடி சேகரித்துச் சென்னையில் காட்டினார். 1917இல் மகன் போரில் இறந்தான். அதே ஆண்டு அனாவும் இந்தியாவில் காலமானார். வேலையை அவர் விடவில்லை.

அகலவீதிக்காக ஏழைத் தெருக்களை இடித்தால், விரட்டப்பட்ட சனம் அடுத்த ஒழுங்கையில் இன்னும் நெருக்கமாக அடையும் என்பது அவர் வாதம். மிக மோசமான சில வீடுகளை மட்டும் அகற்றி, அங்கே மரம் நடலாம் என்றார்.

1921இல் கொழும்புக்கும் அறிக்கை எழுதினார். போருக்குப் பின் அங்கே தோட்டக் குடியிருப்புகளை அகற்றியவர்கள் அதைப் புரட்டியிருப்பார்களோ? கெடிஸ் 1932இல் பிரான்சில் இறந்தார்.