அனுமதி பெறாத இரண்டு இருக்கைக் கார்

ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் வீதிகளில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த வாகனங்களுள் எத்தனை அச்சமூகத்தின் கைகளால் ஆக்கப்பட்டவை என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. தமிழ் மண்ணில் அந்த வினாவை எழுப்பி, அதற்கான விடையைத் தமது பட்டறையிலேயே உருவாக்கிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு என்று அறியப்பட்ட கோபாலசாமி துரைசாமி நாயுடுவே அவர். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும், போரினால் அனைத்தையும் இழந்து மீண்டும் தொழில் தொடங்க முனையும் வன்னி மண்ணுக்கு அவரது வாழ்க்கை உணர்த்தும் பாடம் பழையதாகிவிடவில்லை.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றில் நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுபோயிற்று. கிராமத்துக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளே அவருக்கு முதலாவது பாடநூலாயிற்று. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் வேட்கை அவரை ஆட்கொண்டது. கோயம்புத்தூரில் உணவு விடுதியொன்றில் பரிமாறுபவராக வேலை செய்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அதே மோட்டார் சைக்கிளை அந்த அதிகாரியிடமிருந்து விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறிச் சவாரி செய்வதோடு நின்றுவிடவில்லை. ஆணி ஆணியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். ஒரு பொறியியலாளன் உருவானது அந்தக் கழற்றலிலும் பூட்டலிலும்தான்.

இடையில் பருத்தி வியாபாரத்தில் ஈடுபட்டுப் பணம் சேர்த்தவர், பம்பாய்ச் சந்தையில் அதனை இழந்து ஊர் திரும்பினார். தோல்வி அவரை மீண்டும் இயந்திரத்தின் பக்கமே திருப்பியது. ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியுடன் 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ் சில ஆண்டுகளில் யூ.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. நேரந் தவறாமை அந்த நிறுவனத்தின் அடையாளமாக விளங்கியது.

செல்வம் சேர்ந்த பின்னரும் பட்டறையை அவர் விட்டு விலகவில்லை. 1937இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதலாவது மின்மோட்டார் எனப் போற்றப்படுகின்றது. அம்முயற்சியில் பாலசுந்தரம் நாயுடுவுடன் இவரும் இணைந்து நின்றார். இன்று மோட்டார், நீரிறைக்கும் பம்பி ஆகியவற்றின் உற்பத்தியில் கோயம்புத்தூர் பெற்றுள்ள பெயருக்கு வித்திட்டோருள் அவரும் ஒருவர். உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், வாக்குகளைப் பதிவு செய்யும் இயந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் மின்விசிறிக்கு நிகரான விசிறி என அவரது கைப்பட உருவானவை பல. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குத் தன்னால் செய்து தர முடியும் என்று 1941இல் அவர் அறிவித்தார். சாதாரண மனிதனின் கைக்கு எட்டும் விலை என்பதே அவரது ஆக்கங்கள் அனைத்தினதும் அளவுகோலாக இருந்தது.

அந்த வரிசையில் 1952இல் வெளிவந்ததே இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார். அதன் விலை 2,000 ரூபா என்று நாயுடு நிர்ணயித்தார். ஆனால் அந்தக் கார் சந்தைக்கு வரவில்லை. உற்பத்திக்கான அனுமதிப்பத்திரத்தை இந்திய அரசாங்கம் வழங்க மறுத்துவிட்டது. எந்தத் தொழிலை எவர், எவ்வளவு அளவில் நடத்தலாம் என்பதை அரசே தீர்மானிக்க வழிசெய்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1952ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டில் கடல் கடந்த இன்னொரு நாட்டில் நடந்ததையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1952 ஜனவரியில், லண்டன் மாநகரின் ஹோர்ன்சி பகுதியில், தமது தந்தையார் நடத்திய விடுதியின் பின்புறத்திலிருந்த பழைய குதிரை லாயத்தில், கொலின் சாப்மன் என்னும் 23 வயது இளைஞர் லோட்டஸ் என்ற கார் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் தம் மனைவியான ஹேசல் தந்த 25 பவுண் கடனே அவரது முதல். காரின் பாரத்தைக் குறைப்பதே அவர் கைக்கொண்ட வழி. பெரிய இயந்திரத்தைப் பூட்டாமலேயே வேகம் அதனால் கிடைத்தது. 1957இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன், கூரையற்ற, இரண்டு இருக்கை கொண்ட, ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஒரு சிறு கார். முழுமையான கார்களுக்குப் பிரித்தானிய அரசு விற்பனை வரி விதித்தபோது, அவர் உதிரிப்பாகங்களாக விற்றார். வாங்கியவர்கள் தங்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். சட்டம் அதற்கு இடமளித்தது. 1962இல் எலான் என்னும் கார் வந்தது. 1963இல் அவரது நிறுவனம் உலக மோட்டார் பந்தயப் பட்டத்தை வென்றது. அவர் 1982இல் மறைந்தார். அந்த லாயத்தில் பிறந்த பெயரில் 1996 முதல் 2021 வரை எலிஸ் என்னும் மென்பாரக் கார் உற்பத்தியானது. செவனின் உரிமையை 1973இல் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் அதே வடிவத்தைத் தொடர்ந்து உருவாக்கி வந்துள்ளது.

பெருந்தொகையில் உற்பத்தி செய்யாத, பட்டறை அளவிலான முயற்சிகள் அவை. ஆயினும் பிரித்தானியா அவற்றை முளையிலேயே கிள்ளிவிடவில்லை. அதனால் அந்நாடு பெற்றது கார்களை மட்டுமன்று; தலைமுறை தலைமுறையாகப் பொறியியலாளர்களையும் பெற்றது.

இதில் மறுபக்கமும் உண்டு. பாரத்தைக் குறைப்பதற்காகச் சாப்மன் பாதுகாப்பில் விட்டுக்கொடுத்தார் என்ற விமர்சனம் அவரது காலத்திலேயே எழுந்தது. அவரது பந்தயக் கார்களில் உயிரிழந்த வீரர்களும் உளர். இந்தியாவின் நிலைமையையும் நியாயமாக நோக்க வேண்டும். சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகளான ஒரு நாட்டில் உருக்கும் அந்நியச் செலாவணியும் அரிதாக இருந்தன. இருப்பதைப் பங்கிட அரசு முனைந்ததைத் தவறென்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. பட்டறையில் 2,000 ரூபாவுக்குச் சாத்தியமானது தொழிற்சாலையிலும் சாத்தியமாகியிருக்குமா என்ற கேள்வியும் உண்டு.

ஆனால், ஒரு வாகனம் பாதுகாப்பானதா என்று சோதிப்பது வேறு. அதனைச் செய்யவே கூடாது என்று தடுப்பது வேறு. முன்னையது அரசின் கடமை. பின்னையது அறிவின் கழுத்தை நெரிப்பது. அதே காலத்தில் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் ஒஸ்ரின் கார்களையும், ஸ்டாண்டர்ட் நிறுவனம் பிரித்தானிய வடிவமைப்பிலான கார்களையும் பூட்டி விற்றன. அந்நியர் வரைந்த காருக்கு அனுமதி கிடைத்த மண்ணில், அம்மண்ணின் மைந்தன் வரைந்த காருக்கு அது கிடைக்கவில்லை.

நாயுடுவின் போராட்டங்கள் காருடன் தொடங்கியவையும் அல்ல. காருடன் முடிந்தவையும் அல்ல. 1945இல் கோயம்புத்தூரில் அவர் முன்னின்று தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி நிலையம், ஆர்தர் ஹோப் என்னும் ஆளுநரின் பெயரைத் தாங்கி எழுந்தது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. பொறியியல் கல்விக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையோடு இணைத்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவரது நிலைப்பாடு. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். வரிச்சுமையைக் கண்டித்துத் தமது கண்டுபிடிப்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்த சம்பவமும் அவரது வாழ்க்கையில் உண்டு. அது பிடிவாதமா, மனக்கொதிப்பா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஓர் ஆக்கியோன் தன் ஆக்கத்தையே உடைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது நாட்டுக்கு இழப்பு என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. 1974 ஜனவரி 4ஆம் திகதி அவர் காலமானார்.

கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் 2025 ஒக்டோபரில் திறந்து வைக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. பல நாட்டு நிறுவனங்களின் கார்களும் அதன் மேல் ஓடுகின்றன. அவர் செய்த கார் மட்டும் அங்கில்லை.

இந்த வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாத வடக்கில், மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டியவர்கள் நமது மெக்கானிக்குகளே. இயந்திரத்தை உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோல், பின்னர் மண்ணெண்ணெய். பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அவ்வாறே உயிர் பிழைத்தன. எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. அதே 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வெறுங்கையுடன் வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம் மக்களும் தங்கள் கைத்திறனையும் வணிகத் திறனையும் நம்பியே நிமிர்ந்தனர். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற கிராமங்கள் 2008இல் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து, இல்லாமையிலிருந்து வாழ்வைக் கட்டியெழுப்பியவை. அத்தகைய கிராமங்களில் உழவு இயந்திரத்தைத் திருத்தும் ஓர் இளைஞனின் கையில் இருப்பதும் நாயுடுவிடம் இருந்த அதே திறன்தான்.

அந்தத் திறன் வீதியோர வாழ்வாதாரமாகவே முடிந்துவிட வேண்டுமா என்பதே நமது கேள்வி. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலமும், 2022இன் எரிபொருள் வரிசைகளும், பிறர் செய்து தருவதையே நம்பியிருக்கும் ஒரு நாட்டின் நிலையை நமக்கு உணர்த்தின. தொழிற்பயிற்சி நிலையங்கள் சான்றிதழ்களை வழங்கினால் மட்டும் போதாது. கழற்றிப் பார்க்கவும், தவறு செய்யவும், புதிதாகப் பூட்டவும் இடந்தர வேண்டும். பட்டறையில் உருவாகும் ஒரு சிறு இயந்திரத்தைச் சோதித்து, குறை இருந்தால் சுட்டிக்காட்டி, நிறை இருந்தால் பதிவு செய்யும் எளிய நடைமுறை வேண்டும். வங்கிகள் வாகனம் வாங்கக் கடன் வழங்குவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியையேனும் கருவி வாங்கும் இளைஞனிடம் காட்ட வேண்டும்.

ஆக்குபவன் மறைந்த பின்னர் அவன் பெயரைப் பாலத்துக்குச் சூட்டுவது எளிது. அவன் உயிரோடிருக்கும்போது பட்டறைக் கதவைத் திறந்துவிடுவதே கடினம். தமிழ், முஸ்லிம் இளைஞர்களுள் அடுத்த நாயுடு எவர் என்பதை நாம் அறியோம். அவர் வரும்போது அனுமதிப்பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பாதிருக்கும் பொறுப்பு இன்றிருக்கும் அனைவருக்கும் உண்டு.