மொறிஸ் மைனரைத் தந்த அகதி

பந்தயக் கார் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1922இல் போர் நகரை நெருங்கியபோது, 15 வயதில் பெற்றோருடன் பிரித்தானியக் கப்பலேறி மால்ராவுக்கு இடம்பெயர்ந்தார். தந்தை இறந்துவிட, தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறியும் அவர் பொறியியலைக் கைவிடவில்லை. நண்பருடன் சேர்ந்து கையாலேயே ஒரு பந்தயக் காரைக் கட்டினார். 1948இல் மொறிஸ் மைனரும் 1959இல் மினியும் அவரது வடிவமைப்பில் வெளிவந்தன. மினியின் வேகத்தை ஜோன் கூப்பர் கூட்டினார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அந்தச் சின்னக் கார் மொன்ரே கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களை வென்றது. வேகம் பணக்காரருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் ஆட்டங்கண்டது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வாய்த்தது மைனர். 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பிறகு, சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை கக்கியபடியே அது நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. 1995 இடப்பெயர்வில் நடக்கமுடியாத முதியவர்களைத் தென்மராட்சிக்குச் சுமந்தது. 1988இல் காலமான இசிகோனிஸுக்கு இது தெரிந்திருக்காது. அவரும் அப்படித்தான் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்.