ஹைட்ரஜன் குண்டை எதிர்த்த சேலத்து வக்கீல்

சேலத்துக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? ராஜாஜிதான்!

சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917-ல் நகராட்சித் தலைவரானார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர், மதுவிலக்குன்னு கிராமம் கிராமமாக உழைத்தார்.

ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையும்போது பெரும் ஆற்றல் வெளிப்படும். சூரியன் ஒளிர்வது இப்படித்தான். இதைக் கட்டுக்குள் வைத்தால் மின்சாரம், கட்டவிழ்த்தால் குண்டு. மின்சாரம் இன்னும் வீட்டுக்கு வரலை. குண்டு 1950-களிலேயே வந்துடுச்சு.

போரே இல்லாமல், வெறும் சோதனைகளாலேயே கதிரியக்கத் தூசு உலகமெங்கும் பரவியது. அதை நிறுத்தச் சொல்லி 1962-ல், 83 வயதில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார் ராஜாஜி.

1963-ல் காற்றுவெளி, விண்வெளி, கடலடிச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தடிச் சோதனை மட்டும் தப்பிச்சுது. அந்தப் பாதி வெற்றியைப் பார்த்துவிட்டு, 1972-ல் மறைந்தார்.