நிலவின் வளையமும் இப்னுல் ஹைதமும்

சில இரவுகளில் நிலவைச் சுற்றி வெண்ணிற வளையமொன்று தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பர் நம் பெரியோர். அரபியில் அது ஹாலா. அதன் காரணத்தை ஆராய்ந்து ஹிஜ்ரி 419இல் (கி.பி. 1028) நூல் யாத்தவர் இப்னுல் ஹைதம்.

965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்த இவரை, நைல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த எகிப்தின் கலீபா ஹாகிம் அழைத்தார். அஸ்வான்வரை சென்று பார்த்தவர், அது இயலாதென ஒப்புக்கொண்டார். பின்னர் கலீபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்தார் என்றும், 1021இல் ஹாகிம் மறைந்த பிறகே அவ்வேடத்தைக் களைந்தார் என்றும் வரலாறு கூறும். அதன்பின் அல் அஸ்ஹர் பள்ளியருகே தங்கி, கிரேக்கக் கணித நூல்களைப் பிரதி எடுத்து விற்று வாழ்ந்தார். ஆண்டுக்கு 150 தீனார்! அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

முன்னோர் நூல்களை ஐயத்தோடே பயில வேண்டும், தம் கருத்தையும் ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் நூலுக்கும் அது பொருந்திற்று. வளையத்தையும் வானவில்லையும் மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டே அவர் விளக்க முயன்றார். உண்மையில், உயரத்து மேகங்களின் அறுகோணப் பனிப்படிகங்களுக்குள் ஒளி புகுந்து விலகுவதாலேயே நிலவிலிருந்து 22 பாகையில் வளையம் எழுகிறது. சுமார் 300 ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தின் கமாலுத்தீன் பாரிஸி, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தில் ஒளியைச் செலுத்தி வானவில்லின் காரணத்தைத் திருத்தினார். ஆயினும் பெரியவரின் நூலை அவர் ஒதுக்கிவிடவில்லை. அவருடைய ஒளியியலுக்குத் தாம் வரைந்த உரையின் இறுதியில் அதனையும் சேர்த்துவைத்தார்.