சட்டமன்றத்தில் மூதறிஞர்

தமிழகத்தின் வடமேற்கே, மலைகள் அரண்போற் சூழ்ந்து நிற்க விளங்குவது தருமபுரி. சங்க காலத்தில் இவ்வூர் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி இங்கிருந்து அரசு புரிந்தான். அவன்பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற வரலாறு புறநானூற்றால் அறியப்படும். படையினும் சொல் வலிது என்பதை அன்றே அறிந்திருந்தது இந்நாடு. இந்நாட்டின்கண், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னர், சொல்லையும் அறிவையுமே படைக்கலமாகக் கொண்டு நாட்டுக்கு உழைத்த சான்றோர் ஒருவர் தோன்றினார். அவரே மூதறிஞர் இராஜாஜி என்று அழைக்கப்பெறும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1965-ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. 2004-ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.

தந்தையார் வேங்கடார்யர் தொரப்பள்ளியின் ஊர் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். நிலவரி தண்டுதலும் ஊரிற் சிறு வழக்குகளைக் கேட்டலும் ஊர் முன்சீப்பின் கடமைகள். மழை பொய்த்த ஆண்டில் வரி செலுத்த வகையின்றி நிற்கும் உழவரின் துயரம் அத்தகைய இல்லத்துக்குப் புதிதன்று.

உள்ளூரிலும் ஓசூரிலும் தொடக்கக் கல்வி பெற்ற இராஜாஜி, பெங்களூர் மத்தியக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னையிற் சட்டம் கற்று, 1900-ஆம் ஆண்டில் சேலம் நகரில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். கூரிய அறிவும், சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் நாவன்மையும் அவருக்கு விரைவிற் புகழையும் பொருளையும் ஈட்டித் தந்தன.

நகராட்சித் தலைமை

பொதுத்தொண்டில் இராஜாஜி முதலிற் பயின்றது சேலம் நகராட்சியில் ஆகும். 1911-ஆம் ஆண்டில் அதன் உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை தலைவராக விளங்கினார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த ஒருவர் அந்நகராட்சியில் முதன்முறையாக உறுப்பினரானது அவருடைய முயற்சியாலேயே. இன்று இஃது எளிய செயலாகத் தோன்றலாம். தீண்டாமை தெருத்தோறும் வேரூன்றியிருந்த அந்நாளில் இதற்குப் பெரிதும் உள்ளத் துணிவு வேண்டியிருந்தது.

சட்டமன்றத்தை விலக்கியவர்

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தோன்றியதும், 1920-ஆம் ஆண்டில் இராஜாஜி தம் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்தார்.

காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில், காங்கிரசுக்குள் ஒரு பெரிய வினா எழுந்தது. ஆங்கிலேயர் அமைத்த சட்டசபைகளுள் நுழைந்து உள்ளிருந்தே போராடலாமா, அன்றி அவற்றை முற்றிலும் விலக்குவதா என்பதே அவ்வினா. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் நுழைதலே தகும் என்றனர். இராஜாஜியோ கூடாது என்று வாதிட்டார். 1922-ஆம் ஆண்டில் கயையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அவர் கட்சியே வென்றது. பிற்காலத்தில் சட்டமன்றத்தை நடத்துவதில் வல்லவர் எனப் பெயர் பெற்ற ஒருவர், முதலில் அதன் வாயிலையே மிதியேன் என்று நின்றது வியப்பன்றோ!

அங்ஙனம் நின்ற காலத்தை அவர் வீணே கழித்தாரல்லர். 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கேயே குடியேறினார். நூல் நூற்றலும், கதர் நெய்வித்தலும், தீண்டாமை ஒழித்தலும், மதுவிலக்கைப் பரப்புதலும் அவ்வாசிரமத்தின் பணிகள். மதுவின் தீமையை எடுத்துரைப்பதற்கென்றே 1929-ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் இதழைத் தொடங்கினார். கல்கி என்று பின்னாளில் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணையாக இருந்தார்.

சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் சோளமுமே எளியோர் உணவு. நாள் முழுதும் கல்லுடன் போராடிக் கூலி பெற்றவன் வீடு திரும்பும் வழியிற் கள்ளுக்கடை காத்திருக்கும். கைப்பொருள் அங்கேயே கரையும். வீட்டில் உலை வைத்துக் காத்திருக்கும் மனைவிக்கு ஏமாற்றமும், மக்களுக்குப் பட்டினியுமே எஞ்சும். அரசாங்கமோ கள், சாராயக் கடைகளை ஏலத்தில் விட்டு ஆண்டுதோறும் பெருவருவாய் ஈட்டியது. ஏழையின் கேட்டினால் அரசின் கருவூலம் நிறைவதை அறம் என்று கொள்ள இராஜாஜியின் உள்ளம் ஒப்பவில்லை. ஆயினும், இதழ்களும் சொற்பொழிவுகளும் கடைகளை மூடுவிக்கமாட்டா என்பதும் தெளிவாயிற்று. கடையைத் திறப்பது சட்டம். அதனை மூடுவதற்கும் சட்டமே வேண்டியிருந்தது.

முதலமைச்சர் பொறுப்பு

1930-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்று, உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றார் இராஜாஜி. ஏழு ஆண்டுகட்குப் பின், புதிய அரசியற் சட்டப்படி மாகாணத் தேர்தல்கள் நடைபெற்றன. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு கைப்பற்றிற்று. கற்றோரே வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதியினின்று இராஜாஜி உறுப்பினரானார். 1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் தலைமையில் அமைச்சரவை அமைந்தது.

பதவி ஏற்ற மூன்று திங்களுக்குள் மதுவிலக்குச் சட்டம் உருவாயிற்று. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் அதனை நடைமுறைப்படுத்த அவர் விரைந்தாரல்லர். முதலில் ஒரு மாவட்டத்திற் செய்து பார்த்தலே முறை எனக் கருதினார். அதற்கு அவர் தேர்ந்தது தாம் பிறந்து வளர்ந்த சேலம் மாவட்டமே. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் முதலிய ஊர்கள் அனைத்திலும் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பெற்றன. கூலி, கூலியாகவே வீடு வந்து சேரலாயிற்று. அடுத்த ஈராண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அச்சட்டம் விரிந்தது. கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டில், அவ்வறம் சட்ட வடிவு பெற்றது.

இழந்த வருவாயை ஈடு செய்வது எங்ஙனம்? நிதித்துறையையும் தம் பொறுப்பிலேயே வைத்திருந்த இராஜாஜி, 1939-ஆம் ஆண்டில் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பைக் கண்டு அவர் பின்வாங்கவில்லை. அவ்வரி பின்னர் இந்திய மாநிலங்கள் பலவற்றுக்கும் தலையாய வருவாயாக வளர்ந்தது.

உழவர் கடனைத் தீர்க்க 1938-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் மற்றொன்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் வரை நிலுவையில் நின்ற வட்டி அறவே நீக்கப்பட்டது. வாங்கிய முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருப்பின் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வட்டி கட்டியே நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு இச்சட்டம் உயிர்ப்பிச்சை போன்றதாயிற்று.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் திருக்கோவிலுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றார். கோவில் அலுவலரும் உடன் சென்றோரும் வழக்குக்கு ஆளாகும் நிலை இருந்தது. இராஜாஜி காலந்தாழ்த்தாது அவர்களுக்குக் காப்பளிக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பிக்கச் செய்து, பின்னர் அதனைச் சட்டசபையிலும் நிறைவேற்றினார்.

மக்கள் மன்றத்தின் தீர்ப்பு

அறிவிற் சிறந்தோரும் தவறுதல் உண்டு. 1938-ஆம் ஆண்டில், 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கினார் இராஜாஜி. தமிழுக்குக் கேடு நேரும் என்று அஞ்சித் தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியாரும், மறைமலையடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் முதலிய தமிழறிஞரும் எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றனர். முன்னர்க் காங்கிரசாரே அடக்குமுறை எனக் கண்டித்த சட்டம் ஒன்று கிளர்ச்சிக்காரர்மீது ஏவப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-ஆம் ஆண்டில் உயிர் நீத்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்திய ஆங்கில அரசின் செயலைக் கண்டித்து, காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. இராஜாஜியும் துறந்தார். கட்டாய இந்தி ஆணை 1940-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவர்னரால் நீக்கப்பட்டது. பிற்காலத்தில் இராஜாஜி தம் கருத்தை மாற்றிக்கொண்டு, இந்தியே நாட்டின் ஆட்சிமொழியாதல் கூடாது என வாதாடியவருள் முதல்வரானார். தாம் கொண்டிருந்த கொள்கையைத் தாமே மறுத்துரைத்தல் எளியார்க்கு இயல்வதன்று.

மீண்டும் சென்னையில்

நாடு விடுதலை பெற்றபின் மேற்கு வங்கத்தின் ஆளுநராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும், பின்னர் மைய அரசின் உள்துறை அமைச்சராகவும் இராஜாஜி பணியாற்றினார். இந்தியர் ஒருவர் தலைமை ஆளுநராக அமர்ந்தது அவர் ஒருவரோடே தொடங்கி அவரோடே முடிந்தது.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலில், சென்னை மாநிலச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களே பெற்றது. இந்நெருக்கடியில் ஓய்விலிருந்த இராஜாஜியை அழைத்தனர். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பெற்று முதலமைச்சரானார். மக்கள் வாக்கைப் பெறாது வந்தவர் என எதிர்க்கட்சியினர் குறை கூறினர். எனினும் தம் அவைத்திறத்தால் பெரும்பான்மையைத் திரட்டினார். போர்க்காலம் முதல் நிலவி வந்த உணவுப் பங்கீட்டை 1952 ஜூனில் துணிந்து நீக்கினார். தஞ்சை மாவட்டத்துக் குத்தகை உழவர்க்கும் பண்ணையாட்களுக்கும் காப்பளிக்கும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது.

1953-ஆம் ஆண்டில் அவர் வகுத்த கல்வித் திட்டமோ பெரும் புயலை எழுப்பிற்று. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் மூன்று மணி நேரமே பாடம்; எஞ்சிய பொழுதில் சிறுவர் தம் பெற்றோரின் தொழிலிற் பழகவேண்டும் என்பது அத்திட்டம். பள்ளிகள் குறைவாயிருந்த நிலையில், இருமடங்கு மாணவர்க்குக் கல்வி தரலாம் என இராஜாஜி கருதினார். உழவன் மகன் உழவனாகவும், சலவைத் தொழிலாளி மகன் அத்தொழிலனாகவுமே நிற்க இது வழி செய்யும் என்று மக்கள் கருதினர். குலக்கல்வித் திட்டம் என்றே அது பெயர் பெற்றது. எதிர்ப்பு ஓங்கவே, 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானார்; அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இராஜாஜியின் இவ்விரு ஆட்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஏழையரிடையே பன்னீராண்டு வாழ்ந்து, அவர்தம் துயரத்தைக் கண்ணாரக் கண்டு வகுத்த மதுவிலக்கை ஏழையர் தமதாக ஏற்றனர். மக்களைக் கலந்து பேசாமல், தம் அறிவொன்றையே துணையாகக் கொண்டு வகுத்த கட்டாய இந்தியும் கல்வித் திட்டமும் நிலைபெறவில்லை. இருமுறையும் அவர் பொது வாக்காளரிடம் தமக்கென வாக்குக் கேட்டு அவை புகுந்தவரல்லர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இறுதி நாட்கள்

1954-ஆம் ஆண்டில் பாரத ரத்தினம் என்னும் உயர்ந்த விருது இராஜாஜிக்கு வழங்கப்பட்டது. அவர் இயற்றிய சக்கரவர்த்தித் திருமகன், 1958-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 1959-ஆம் ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962-ஆம் ஆண்டில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியை நேரிற் கண்டு உரையாடினார்.

1971-ஆம் ஆண்டில், மாநிலத்தின் பொருள்நிலையைக் காரணமாகக் கொண்டு மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. அப்போது இராஜாஜிக்கு அகவை 92. உடல் தளர்ந்த அந்நிலையிலும், முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்துக்குத் தாமே சென்று, மதுவிலக்கை நீக்கவேண்டா என வேண்டிக்கொண்டார். நாட்டின் தலைமை ஆளுநராக வீற்றிருந்தவர், ஏழையின் அடுப்பெரிவதற்காக மற்றொருவர் இல்லத்தின் வாயிலில் நின்றார். அவர் வேண்டுகோள் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25-ஆம் நாள், சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. பதவியை நாடாமை, வந்த பதவியை ஏழையர்க்காகப் பயன்படுத்துதல், மக்கள் மனம் வேறானபோது அதனைத் துறத்தல் என்னும் மூன்றும் அவர் வாழ்க்கை காட்டும் நெறிகள். சட்டம் இயற்றுவோர் ஏட்டறிவோடு நில்லாமல், எளியோர் வாழ்வையும் உடனிருந்து அறிதல் வேண்டும் என்பது அவர் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே உணர்த்தும் பாடமாகும்.