வெயிலில் சோறு வடிக்கப் பார்த்த டெல்லி ஆய்வகம்: யார் இந்த கே.எஸ். கிருஷ்ணன்?

டெல்லி பூசா பகுதியில் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று ஒரு சாலை இருக்கு. அந்தப் பக்கம் போயிருந்தால் பெயர்ப்பலகை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். யார் அவர் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். நம்ம ஊர்க்காரர்தான். வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அந்தச் சாலையில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

இவர் பேச்சை எடுத்தாலே எல்லோரும் ராமன் விளைவுக்குப் போய்விடுவார்கள். 1928-ல் கொல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து சோதனைகளைச் செய்தவர் இவர். முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும் போனது. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். அதிகம் பேசப்படாதவை அவருடைய டெல்லி வருடங்கள்.

1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் அந்த ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். நாட்டின் மீட்டரும் கிலோவும் எவ்வளவு என்று முடிவாகச் சொல்லும் இடம் அது. (ஓட்டுப் போட்டதும் உங்கள் விரலில் வைக்கிறார்களே, அந்த அழியாத மைகூட அங்கே உருவானதுதான். 1962 தேர்தலில் பயன்பாட்டுக்கு வந்தது.) இயக்குநர் ஆனபிறகும் கிருஷ்ணன் ஆய்வை விடவில்லை. மின்சாரத்தால் சூடாகும் கம்பியில் வெப்பம் எங்கே எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே நாட்டின் அடுப்பு விறகிலும் வறட்டியிலும் எரிந்துகொண்டிருந்தது. வயலுக்கு உரமாக வேண்டிய சாணம் அடுப்பில் சாம்பலானது. தலைக்கு மேலே வெயிலோ சும்மா கொட்டிக் கிடக்கிறது. அதைப் பிடித்துச் சமைத்தால் என்ன? 1950-களின் தொடக்கத்தில் அவருடைய ஆய்வகத்தில் எம்.எல். கய் என்ற பொறியாளர் ஒரு சூரிய அடுப்பை வடிவமைத்தார்.

விஷயம் எளிமையானது. குழிவான அலுமினியக் கண்ணாடி ஒன்று வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். பாத்திரம் அந்தப் புள்ளியில் உட்காரும். புகை இல்லை, எரிபொருள் செலவு இல்லை. 1954 அக்டோபரில் யுனெஸ்கோவும் இந்தியாவும் சேர்ந்து சூரிய சக்தி, காற்றாலை பற்றிய கருத்தரங்கை டெல்லியிலேயே நடத்தின. உலகம் பெட்ரோலை மலிவாக எரித்துக்கொண்டிருந்த நேரம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அடுப்பு என்ன ஆச்சு? சந்தையில் படுத்துவிட்டது.

ஏன் என்று உங்கள் வீட்டில் சமைப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். மணிக்கு 15 டிகிரி நகர்கிறது சூரியன், கண்ணாடியும் கூடவே திரும்ப வேண்டும். யாராவது ஒருத்தர் டெல்லி வெயிலில் நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். காலையில் வேலைக்குப் போகும் முன்பும், இருட்டிய பிறகும்தான் நம்ம வீடுகளில் உலை கொதிக்கும். அந்த நேரத்தில் வெயில் ஏது? போதாததற்கு, காசு கொடுத்து வாங்கும் அடுப்புக்குப் போட்டியாக நின்றது காசில்லாமல் பொறுக்கிய சுள்ளி. இயற்பியலில் தப்பே இல்லை. சமையலறையைத்தான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பேன்.

அந்தக் குறையைத் தீர்க்க எத்தனை காலம் ஆனது பாருங்கள்: 2022-ல் இந்தியன் ஆயில் காட்டிய ‘சூர்யா நூதன்’ அடுப்பில் தகடு வெயிலில் இருக்கும், அடுப்பு வீட்டுக்குள் இருக்கும். வெப்பத்தைச் சேமித்து ராத்திரியும் சமைக்கலாம்.

கிருஷ்ணன் 1948 முதல் அணுசக்தி ஆணையத்திலும் உறுப்பினர். 1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூனில் காலமானார். சூரியன், காற்று, பூமிக்கடியில் உள்ள வெப்பம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச ஐ.நா. கூட்டிய முதல் பெரிய மாநாடு அடுத்த இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், ரோமில் தொடங்கியது. சூரிய அடுப்பும் அங்கே விவாதத்துக்கு வந்தது.