குதிரை முட்டைக் கதை சொன்ன வீரமாமுனிவர்



வீரமாமுனிவர் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு நினைவு வருவது என்ன? பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் நினைவு வரலாம். நீண்ட தாடி, தலைப்பாகை, கடுமையான முகம். அர்ச். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3 காண்டங்களிலும் 36 படலங்களிலும் 3,615 பாட்டுக்களாகத் தேம்பாவணியைப் பாடியவர் அவர். சதுரகராதி தொகுத்தவர், தொன்னூல் விளக்கம் இயற்றியவர். இப்பேர்ப்பட்ட பெரியவருக்குச் சிரிக்கவும் தெரியுமோ என்று நீங்கள் சந்தேகப்படலாம்.

நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டுப் பாட்டியம்மாள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பரமார்த்த குரு கதை இருக்கிறதே, குதிரை முட்டை என்று நினைத்துப் பூசணிக்காயைச் சுமந்து வந்த சீடர்களின் கதை, அது இதே வீரமாமுனிவர் எழுதிக் கொடுத்ததுதான். தேம்பாவணியை வாசித்துப் பொருள் அறிந்தவர்கள் நம்மில் சிலரே. பரமார்த்த குருவை அறியாத தமிழ்ப் பிள்ளையோ அரிது. ஆகையால் இந்த வாரம் அப்பெரியவரின் சரித்திரத்தை அவருடைய சிரிப்பின் பக்கமிருந்து பார்ப்போம்.

இத்தாலி நாட்டின் வட பாகத்தில் காஸ்திலியோனே என்றொரு சிற்றூர் உண்டு. அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அங்கே 1680ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் தேதி கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி பிறந்தார். சூசை என்ற பெயர் பிறப்பிலிருந்தே அவரோடு ஒட்டியிருந்ததைக் கவனியுங்கள். 1698ல் சேசு சபையில் சேர்ந்தார். 1709ல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1711ல் மதுரை மிஷனில் கால் வைத்தார். தத்துவ போதகர் உழைத்த மிஷன் அது. அர்ச். அருளானந்தர் 1693ல் ஓரியூரில் இரத்தம் சிந்திய மிஷனும் அதுவே. அந்த இரத்தம் சிந்திப் பதினெட்டு ஆண்டுகளே கடந்திருந்தன.

ஆகவே அவர் வந்தது வேடிக்கை பார்க்க அல்ல. வந்த சில ஆண்டுகளுக்குள் சிறைப்பட்டு, உயிர் போகும் நிலை வரை சென்று மீண்டார். நாட்டில் அடிக்கடி சண்டையும் சேனை நடமாட்டமும் இருந்த காலம் அது. கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சியில், திருக்காவலூர் என்று தாம் பெயரிட்டு அழைத்த ஸ்தலத்தில், அடைக்கல மாதாவின் நிழலில் நெடுங்காலம் உழைத்தார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோயிலும் அவர் பெயரோடு சேர்ந்தது. இத்தனை அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் நடுவே அந்த மனிதர் சிரிப்புக் கதை எழுத உட்கார்ந்தார் என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

காரணம் இதுதான். அந்நிய நாட்டிலிருந்து புதிதாக வருகிற குருவானவர் தமிழ் கற்க வேண்டும். எந்தத் தமிழ்? புலவர்கள் எழுதும் செந்தமிழ் ஒன்று. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசும் தமிழ் மற்றொன்று. அதை அந்நாளில் கொடுந்தமிழ் என்றார்கள். செந்தமிழ் மட்டும் அறிந்த குருவானவர் புலவர் சபையில் மதிப்புப் பெறலாம். ஆனால் ஏழைக் கிழவி ஒருத்தி பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டால், அவள் சொல்வது அவருக்குப் புரியாது. சாகக் கிடக்கும் குடியானவன் கடைசியாகச் சொல்லும் வார்த்தையும் புரியாது. மொழி தெரியாமையால் ஓர் ஆத்துமம் ஆறுதலின்றிப் போகலாமா? இதை நன்கு உணர்ந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியாக இலத்தீன் மொழியில் எழுதினார்.

ஆனால் இலக்கணத்தை மட்டும் படித்துப் பேச்சு வந்தவர் யார்? கற்பவன் கொட்டாவி விடாமல் வாசிக்க ஒரு புத்தகம் வேண்டும். அதற்காகவே பரமார்த்த குருவும் அவருடைய 5 சீடர்களும் பிறந்தார்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பவை அச்சீடர்களின் பெயர்கள். ஒரு பக்கம் தமிழும் அதற்கு இணையாக இலத்தீனும் வைத்து அவரே எழுதினார். புதிய குருமார் சிரித்துக்கொண்டே சுருட்டு, கொள்ளிக்கட்டை, பூசணிக்காய், மாட்டு வாடகை என்று நம் வீட்டுச் சொற்களையெல்லாம் கற்றுக்கொண்டார்கள்.

கதைகளில் இரண்டு மூன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்தவைதாம், ஆனாலும் மறுபடி கேட்டால் குறைந்துபோகாது.

குருவும் சீடர்களும் ஊருக்குத் திரும்பும் வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. ஆறு பொல்லாதது, அது தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது குருவின் உபதேசம். தூங்குகிறதா என்று பார்க்க, சுருட்டுக்குப் பற்றவைத்த கொள்ளிக்கட்டையோடு ஒருவன் போய், எட்ட நின்று தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று சீறிப் புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடி வருகிறான். வெகுநேரம் காத்திருந்தபின் இன்னொருவன் அதே அணைந்த கட்டையைக் கொண்டுபோய் நனைத்துப் பார்க்கிறான். சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது! மூச்சை அடக்கிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். கரை ஏறியதும் ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் 5 பேர்தான் வருகிறது. மற்றொருவன் எண்ணினாலும் அதே 5. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் கூலி பேசிக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ண வைத்து, 6 பேரும் உயிரோடு இருப்பதைக் காட்டுகிறான். இழந்தவனைக் கண்டுபிடித்துத் தந்தானென்று அவனுக்கு ஆயிரம் நன்றி!

அடுத்தது குதிரை முட்டை. வயதான குருவுக்கு ஒரு குதிரை வேண்டும். கொடியில் காய்த்துக் கிடந்த பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று சொல்லி ஒருவன் விற்றுவிடுகிறான். சுமந்து வரும் வழியில் மரக்கிளை இடித்து, காய் புதரில் விழுந்து உடைகிறது. உள்ளே பதுங்கியிருந்த முயல் துள்ளி ஓடுகிறது. குஞ்சு ஓடுகிறதென்று சீடர்கள் துரத்தி, முள்ளில் கிழிபட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குரு என்ன செய்கிறார்? வருத்தப்படவில்லை. பிறந்த அன்றே இத்தனை வேகமாக ஓடும் குதிரையின்மேல் இந்த வயதில் நான் எப்படி ஏறுவேன், போனதே நல்லது என்று மனம் தேறுகிறார்.

மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிற்பாடு உண்மையாகவே ஒரு கிழட்டுக் குதிரை கிடைக்கிறது. அதன்மேல் போகையில் குருவின் தலைப்பாகை விழுகிறது, சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு கோபிக்கிறார். உடனே ஒருவன் ஓடிப்போய்க் குதிரையின் சாணத்தை ஏந்தி வருகிறான். சரி என்று, இன்னின்னதை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார் குரு. சற்று நேரத்தில் குருவே குழியில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து, அதில் கண்டபடி தலைப்பாகை, வேஷ்டி எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். குருவை மட்டும் எடுக்கவில்லை. அவர் பெயர் பட்டியலில் இல்லை! கடைசியில் குழியில் கிடந்தபடியே தம்மையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பின்புதான் அவரைத் தூக்குகிறார்கள்.

இந்தக் கதைகளெல்லாம் வீரமாமுனிவரே கற்பித்தவையா என்று கேட்பீர்கள். இவற்றில் பல ஏற்கெனவே இந்நாட்டு மக்கள் வாயில் வழங்கியவை என்று, 1826ல் பாரிஸில் இவற்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட டுபுவா சுவாமியார் கருதினார். தன்னை விட்டுவிட்டு எண்ணும் கதை இங்கிலாந்து நாட்டிலும் கோத்தம் என்ற ஊர்க்காரரைப் பற்றி வழங்குகிறது. எப்படியானாலும் ஒன்று நிச்சயம். காதைத் திறந்து வைத்துக்கொண்டு மக்கள் நடுவே வாழாதவனுக்கு இந்தக் கதைகள் எழுத வராது. திண்ணையில் நடக்கும் வம்புப் பேச்சும், மாட்டுக்காரனின் பேரமும், அரைகுறைக் கேள்வி ஞானத்தில் பிறக்கும் விசித்திர யோசனையும் அவர் காதில் விழுந்தன. அவற்றை அற்பம் என்று அவர் தள்ளவில்லை.

சின்ன விஷயத்தைக் கவனிக்கும் அந்தக் கண்தான் அவருடைய பெரிய வேலைகளிலும் தெரிகிறது. பழைய ஏடுகளில் எ, ஒ என்ற குறில்களுக்கும் ஏ, ஓ என்ற நெடில்களுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஓலையில் அந்தப் புள்ளி விடுபட்டால் வாசிப்பவன் திண்டாட வேண்டியதுதான். வீரமாமுனிவர் இதைக் கவனித்து, நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். இன்று உங்கள் பிள்ளை எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு அவர் தந்தது. ஒரு புள்ளியைக் கவனித்த கண்ணுக்குத்தான் ஒரு பூசணிக்காயும் வேடிக்கையாய்த் தெரிந்தது.

அவர் வாழ்விலும் ஒரு வேடிக்கை நடந்தது. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் போதகர்களோடு அவர் கடுமையாக வாதாடினார். அவர்களை மறுத்து நூல்கள் எழுதினார். ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ல் அச்சிட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சுக்கூடம்தான்! எதிரியானாலும் அவருடைய இலக்கணம் இல்லாமல் முடியவில்லை. பரமார்த்த குரு கதைக்கோ அச்சு வாகனம் ஏற இன்னும் நெடுநாள் சென்றது. 1822ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு லண்டனில் அதைப் பதிப்பித்தார். அப்போது முனிவர் இறந்து 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முனிவரின் கடைசி நாட்கள் சேர நாட்டில் அம்பலக்காட்டில் கழிந்தன. 1747ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் தேதி அங்கே மரித்தார். அர்ச். அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்ததும் பெப்ரவரி 4ஆம் தேதியே. 1968ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பினார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குதிரை முட்டைக் கதை சொன்ன சுவாமியார் இவர்தான் என்று சொல்லுங்கள்.

பிரியமுள்ளவர்களே, இங்கே ஒரு காரியத்தை யோசிக்க வேண்டும். பரமார்த்த குருவைப் பிற சமயத்தாரின் மடங்களைக் கேலி செய்யும் ஆயுதமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படிப் படிப்பது சுலபம். ஆனால் அப்படிச் சிரிப்பவன் ஆற்றங்கரையில் நின்று எண்ணுகிற சீடனைப் போன்றவன். மடையர்களை எண்ணத் தொடங்கி, தன்னை எண்ண மறந்துவிடுகிறான்.

உண்மையில் அந்த 6 பேரும் எங்கே இருக்கிறார்கள்? நம் வீட்டில் இருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்திற்கு வந்து மாமியார் செய்த குற்றம், மருமகள் பேசிய பேச்சு, பக்கத்து வீட்டுக்காரன் தகராறு என்று 5 பேரின் பாவத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் இல்லையா? அவர் தம்மை எண்ணவில்லை. விழுந்து கிடக்கும் அயலானைத் தூக்குவது தம் வேலையல்ல, அது வேறு சபைக்காரர் வேலை என்று சொல்லிப் போகிறவர் இல்லையா? அவர் கையில் குருவின் ஓலைப் பட்டியல் இருக்கிறது. ஒரு முறை பட்ட சூட்டை நினைத்துக்கொண்டு, அணைந்துபோன சண்டைக்குப் பயந்து வருஷக்கணக்கில் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதவர் இல்லையா? அவருடைய ஆறு இன்னும் விழித்திருக்கிறது.

இவற்றைக் கண்டு நொந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பதால் பயனில்லை. வீரமாமுனிவர் காட்டிய வழி வேறு. அவர் தம் 5 சீடர்களையும் வெறுக்கவில்லை, குருவையும் கொடியவராக்கவில்லை. அவர்கள் தங்கள் குருவை மெய்யாகவே நேசிக்கிறார்கள், குருவும் அவர்களை நேசிக்கிறார். மூடத்தனம் அவர்களிடம் மிகுதி, அன்புக்கோ குறைவில்லை. அதனால்தான் நமக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. தன்னைப் பார்த்து இப்படிச் சிரிக்கக் கற்றவனுக்குப் பெருமை என்னும் தலையான பாவம் பிடிப்பது கடினம். வீட்டில் பிள்ளை தவறாக ஒன்றைச் சொன்னால் அதட்டுவதற்கு முன் ஒரு கணம் கவனியுங்கள். அந்தக் குட்டித் தலைக்குள் அந்த யோசனைக்கு ஒரு நியாயம் இருக்கும். ஆறு தூங்குகிறது என்பதற்கு இருந்ததைப் போல.

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கதைகளில் ஒன்றைச் சொல்லுங்கள். பாட்டியம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தால் அவர்களே சொல்லட்டும். எல்லாரும் சிரித்து முடித்தபின் வீட்டில் எத்தனை பேர் என்று கடைசிப் பிள்ளையை எண்ணச் சொல்லிப் பாருங்கள். தன்னையும் சேர்த்து எண்ணினால் அதற்கு ஒரு முட்டாய் கொடுங்கள்.